ஆர்செனிக் ஊசியும் ஆட்ரா கேப்சூலும்: ஏபிஎல் ரத்தப் புத்துநோய்க்கு என் சம்சாரம் எடுத்துக்கிட்ட வைத்தியம்

மொதல்லயே சொல்லிடறனுங்க, நான் டாக்டர் இல்ல, மெடிக்கல் லைனும் இல்ல, பழனில மோட்டார் காயில் கட்டற கடை வெச்சிருக்கேன். போன வருஷம் ஐப்பசில என் சம்சாரத்துக்கு ஏபிஎல்னு ஒரு ரத்தப் புத்துநோய் வந்துச்சு, முழுப் பேரு அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுகீமியா. ரொம்ப பேருக்கு வராத நோய், வந்துட்டா நாள் கணக்குல ஆள சாய்ச்சிடற நோய். அப்ப ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்து போன்ல தேடித் தேடிப் பாத்தேன், தமிழ்ல வீட்டு ஆளுங்க எழுதுனதா ஒண்ணுமே என் கண்ணுல படல, எல்லாம் டாக்டருங்க டாக்டருங்களுக்கு எழுதுனது. அதான் இந்த மருந்து எப்பிடி இருந்துச்சு, என்ன பண்ணுச்சு, எங்கெங்க கஷ்டப்பட்டோம்னு நானே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

மார்க்க மொதல்லயே போட்டுடறேன். மருந்துக்கு 5க்கு 5. அந்த மருந்து அவ வாய்க்கு போய் சேர்ற வரைக்கும் நாங்க அலைஞ்ச வழிக்கு 1 கூட குடுக்க மனசு வரல. இந்த நோய்ல மருந்து தோக்கறது கம்மி, லேட்டா போறதுதான் ஆள கொல்லுது, இத நான் ஆறு நாள் கண்ணால பாத்தேன்.

எப்பிடி ஆரம்பிச்சுதுன்னா, அவளுக்கு அந்த மாசம் தூரம் நிக்கவே இல்ல, பத்து நாள் தாண்டி போயிட்டு இருந்துச்சு. பல்லு வெளக்குனா பிரஷ்ஷெல்லாம் ரத்தம். அவ ஸ்கூல்ல கணக்கு டீச்சர், போர்டுல எழுதறப்ப டெஸ்க்குல தொடை லேசா இடிச்சதுக்கு உள்ளங்கை அகலத்துக்கு நீலமா கண்ணிப்போச்சு. பக்கத்துல ஒரு நர்சிங் ஹோமுக்கு கூட்டிட்டு போனோம், பேரெல்லாம் வேண்டாம். பிளேட்லெட் 28,000 இருந்துச்சு, மழை சீசன் வேற, டெங்குன்னு சொல்லி பெட்ல போட்டு குளுக்கோஸ் ஏத்துனாங்க. டெங்கு டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துச்சு, சில சமயம் அப்பிடித்தாங்க வரும் ரெண்டு நாள் பாப்போம்னாங்க. எங்க அத்தை பப்பாளி எலைய அரைச்சு சாறு எடுத்துட்டு வந்துட்டாங்க, அத குடிச்சு குடிச்சு வாந்தி வேற. காச்சல் பெருசா இல்ல, ஒடம்பு வலி இல்ல, ஆனா மொகம் வெளுத்துட்டே போகுது, ஹீமோகுளோபின் 7.2, அது டெங்குல எப்பிடிங்க கொறையும்னு எனக்கு கேக்கத் தெரியல. இன்னைக்கு தெரிஞ்சத அன்னைக்கு தெரிஞ்சிருந்தா சண்ட போட்டாச்சும் ரத்தத்த மைக்ராஸ்கோப்ல வெச்சு பாக்க சொல்லிருப்பேன்.

ஆறாம் நாள் பிளேட்லெட் 11,000. அன்னைக்கு சாயங்காலம் வேற ஒரு சின்ன லேபுக்கு நானே சாம்பிள் குடுத்துட்டு வந்தேன், அங்க இருந்த பெரியவர்தான் ஸ்லைடு போட்டு பாத்தாரு. ராத்திரி எட்டரைக்கு போன் பண்ணாரு. "தம்பி, இது டெங்கு இல்லப்பா, செல்லுக்குள்ள குச்சி குச்சியா கட்டா தெரியுது, இப்பவே கெளம்பி கோயம்புத்தூர் போயிடு, விடியட்டும்னு இருக்காத"ன்னாரு. அந்த குச்சிக்கு ஆயர் ராட்ஸ்னு பேரு, கட்டு கட்டா விறகு அடுக்குன மாதிரி இருந்தா அனேகமா ஏபிஎல்தான்னு பின்னாடி டாக்டரம்மா சொன்னாங்க. அந்த லேபுக்கு நாங்க கட்டுன பீஸ் சில நூறு ரூபா. அவருக்கு இந்த ஜென்மம் பூரா கடன்பட்டிருக்கேன்.

உடுமலை பொள்ளாச்சி வழியா கார்ல போறப்ப மூக்குல ரத்தம், துண்டு துண்டா மாத்தறேன், "என்னங்க, பையன எழுப்பி ஒரு வார்த்த சொல்லிட்டு வந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னா, வேற ஒண்ணும் பேசல.

கோயம்புத்தூர்ல போய் சேர்றப்ப மணி பன்னண்டு இருக்கும். அங்க நடந்ததுதான் இந்த ரிவ்யூவோட உசுரு, அதனால கொஞ்சம் வெவரமா சொல்றேன். டூட்டில இருந்த ரத்தநோய் டாக்டரம்மா ஸ்லைட அவங்களே பாத்தாங்க. ஃபைப்ரினோஜன்னு ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, ரத்தம் ஒறையறதுக்கு வேணுங்கற சாமான் அது, 200ல இருந்து 400 வரைக்கும் இருக்கணும், இவளுக்கு 84. உடனே ஆட்ரா கேப்சூல எழுதிட்டாங்க. எலும்பு மஜ்ஜை டெஸ்ட் எடுக்கல, ஜீன் டெஸ்ட் ரிப்போர்ட் வரல, ஒண்ணுமே கன்பார்ம் ஆகல. நான் கேட்டேன், "மேடம், நோய் என்னன்னு தெரியாமலேயே மருந்து குடுக்கறீங்களா"ன்னு. அவங்க கோவப்படாம சொன்னாங்க, "சந்தேகம் வந்தாலே இத ஆரம்பிச்சிடணுங்க, ரிப்போர்ட்டு வர்றதுக்குள்ள மூளைல ரத்தம் கசிஞ்சிட்டா அப்புறம் ரிப்போர்ட்ட வெச்சு நான் என்ன பண்றது, ரெண்டு நாள்ல இது வேற நோய்னு தெரிஞ்சா கேப்சூல நிறுத்திக்கலாம், ஒண்ணும் ஆயிடாது." ஒன்றரை மணிக்கு மொத டோஸ் உள்ள போச்சு. மஜ்ஜை டெஸ்ட்ட காலைல எடுத்தாங்க, 15வது குரோமோசோமும் 17வது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கிச்சுன்னு ஜீன் ரிப்போர்ட் மூணு நாள் கழிச்சுதான் வந்துச்சு, அப்பிடி தப்பா ஒட்டுன ஜீனுக்குத்தான் பிஎம்எல்-ராரான்னு பேரு, அது பாசிட்டிவ்.

உங்க வீட்டுல யாருக்காவது ஏபிஎல்னு சந்தேகம்னு சொன்னாங்கன்னா நீங்க கேக்க வேண்டிய மொத கேள்வி இதுதாங்க, "ஆட்ரா ஆரம்பிச்சாச்சா?" அந்த ஆஸ்பத்திரில ஸ்டாக் இல்லைன்னா ஸ்டாக் இருக்கற எடத்துக்கு அன்னைக்கு ராத்திரியே போங்க.

இப்ப மருந்து என்னன்னு சொல்றேன். ரெண்டுதான். ஒண்ணு ஆட்ரா, ஆல் ட்ரான்ஸ் ரெட்டினாயிக் ஆசிட்னு முழுப் பேரு, வைட்டமின் ஏ குடும்பத்துல வர்ற ஒரு சரக்கு, 10 மில்லிகிராம் கேப்சூல். இன்னொண்ணு ஆர்செனிக் ட்ரையாக்ஸைடு, தெனமும் டிரிப்ஸ்ல ஏத்தறது. இவளுக்கு கீமோன்னு நம்ம பயப்படற அந்த சமாச்சாரம் இல்லவே இல்ல, தலைமுடி கொட்டல.

நோய் எப்பிடி வேல செய்யுதுன்னு டாக்டரம்மா சொன்னத விட என் சம்சாரம் எனக்கு வெளக்குனதுதான் நல்லா புரிஞ்சுது. ரத்தத்துல வெள்ளை அணு பொறந்து வளந்து படிப்படியா பாஸ் ஆகி வெளிய வரணும். இதுல ஒரு கிளாஸ்லயே எல்லாம் நின்னுடுது, பாஸும் ஆகல வெளியவும் போகல, அந்த கிளாஸ்லயே கூட்டம் சேந்துட்டே போகுது, அதுங்க கிட்ட இருக்கற பை ஒடஞ்சு ரத்தம் ஒறையற கணக்கையே கொழப்பிடுது. ஆட்ரா என்ன பண்ணுதுன்னா அதுங்கள சாகடிக்கறதில்ல, பாஸ் பண்ண வெச்சு பெரியாளாக்கி அனுப்பி வெக்குது. ஆர்செனிக் போயி அந்த தப்பா ஒட்டுன ஜீன்ல இருந்து வர்ற புரதத்தையே ஒடச்சு போடுது. ரெண்டும் சேந்தா வேரோட போகுது. பெட்ல படுத்துட்டு ரெண்டு கைலயும் ஊசி குத்திருக்கறப்ப இத எனக்கு பாடம் எடுத்தா.

1957ல நார்வேல ஹில்லஸ்டாட்னு ஒரு டாக்டர்தான் இந்த நோய தனியா பிரிச்சு எழுதுனாராம், அவர் பாத்த மூணு பேரும் சில வாரத்துலயே போய் சேந்துட்டாங்க. 1985ல ஷாங்காய் ரூய்ஜின் ஆஸ்பத்திரி டாக்டர் வாங் ஜென்யி அஞ்சு வயசு பொண்ணு ஒருத்திக்கு வேற வழியே இல்லாம ஆட்ராவ குடுத்து பாத்தாரு, பொண்ணு பொழச்சுக்கிச்சு. 1988ல அவங்க வெளியிட்ட மொத கணக்குல 24 பேருக்கு குடுத்து 24 பேருக்கும் நோய் அடங்குச்சு. வராண்டால இத படிச்சப்பதான் எனக்கு மொத மொதல்ல சோறு எறங்குச்சு.

ஆர்செனிக் கதை வேற மாதிரி. டாக்டரம்மா பேர சொன்ன ஒடனே எனக்கு பகீர்னுச்சு, எலி பாஷாணமாச்சே அது. போன்ல எங்க அத்தை கிட்ட எப்பிடி சொல்றதுன்னு தெரியாம "வெள்ளை பாஷாணத்த ஊசில ஏத்தறாங்களாம் அத்தை"ன்னு சொல்லிட்டேன், அழப்போறாங்கன்னு பாத்தா, ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு "மாப்ள, மலைமேல இருக்கறவனே நவபாஷாணம்தானே, ஏத்தட்டும்"னாங்க. எங்க ஊர்ல பொறந்தவங்களுக்கு அந்த வார்த்த பயமும்தான் நம்பிக்கையும்தான். சித்த வைத்தியத்துல பாஷாணம் 64ன்னு சொல்வாங்க, அதுல வெள்ளை பாஷாணம்னு சொல்றது இதே ஆர்செனிக் ட்ரையாக்ஸைடுதான். ஆனா இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், இத படிச்சுட்டு யாரும் நாட்டு மருந்து கடைல பாஷாணம் தேடிட்டு போயிடாதீங்க, பஸ்பம்னு யாராவது பொட்டலம் குடுத்தா வாங்கி வாயில போட்டுடாதீங்க. ஆஸ்பத்திரில ஏத்தறது கிலோவுக்கு 0.15 மில்லிகிராம், எடை போட்டு கணக்கு போட்டு, தெனமும் ரத்தத்த பாத்து ஏத்தறது. என் சம்சாரத்துக்கு 58 கிலோவுக்கு 8.7 மில்லிகிராம், 10 மில்லிகிராம் பாட்டில்ல மிச்சத்த சிஸ்டர் கொட்டிடுவாங்க, அந்த 1.3 மில்லிகிராம் கூட எக்ஸ்ட்ரா போகக்கூடாது.

இதுவும் சீனால இருந்துதான் வந்துச்சு. ஹார்பின்ல ஜாங் டிங்டாங்னு ஒரு டாக்டர் 1970கள்ல ஒரு கிராமத்து வைத்தியர் வெச்சிருந்த மருந்த பரிசோதிச்சு பாத்தாரு, அதுல ஆர்செனிக், ரசம், தேரை விஷம் மூணும் இருந்துச்சு, ஒவ்வொண்ணா பிரிச்சு பாத்து ஆர்செனிக்தான் வேல செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு. நம்மூர் பங்கும் இதுல இருக்கு, எனக்கு அதுதான் ரொம்ப பெரும. வேலூர் சிஎம்சில டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழு 1998ல இருந்து 2004 வரைக்கும் 72 பேருக்கு ஆர்செனிக்க மட்டுமே வெச்சு வைத்தியம் பண்ணாங்க, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்குச்சு, 2006ல உலகத்துக்கே அத சொன்னாங்க. அப்புறம் 2013ல இத்தாலி டாக்டர் லோ கோகோ குழு ஆட்ரா ஆர்செனிக் ரெண்டையும் சேத்து ஒரு பக்கம், ஆட்ரா கீமோ இன்னொரு பக்கம்னு வெச்சு பாத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு எந்த சிக்கலும் இல்லாம இருந்தவங்க இந்த பக்கம் 97 சதவீதம், கீமோ பக்கம் 86. உசுரோட இருந்தவங்க 99க்கு 91. கீமோ இல்லாத பக்கம் ஜெயிச்சிருக்கு. டாக்டரம்மா இந்த நம்பர ஒரு பேப்பர்ல எழுதி குடுத்தாங்க, இன்னும் பர்ஸ்ல இருக்கு.

ஆனா அந்த கணக்கு வெள்ளை அணு 10,000க்கு கீழ இருக்கறவங்களுக்கு. இவளுக்கு வந்தப்ப 1,900தான். 10,000க்கு மேல இருந்தா ஹை ரிஸ்க்னு சொல்லி கீமோ மருந்தும் சேத்து குடுப்பாங்க. எனக்கு தெரிஞ்ச ஒருத்தரு அவங்க அப்பாவுக்கு வேற வகை லுகீமியா, அவருக்கும் ஆர்செனிக் போட சொல்லலாமான்னு கேட்டாரு. இல்லீங்க, இது ஏபிஎல் ஒண்ணுக்குத்தான் இப்பிடி அதிசயமா வேல செய்யுது, ஏஎம்எல்னு சொல்ற அக்யூட் மைலாய்டு லுகீமியால நூத்துக்கு சுமாரா பத்து பேருக்கு வர்ற வகை இது, மத்தவங்களுக்கு வைத்தியமே வேற.

தெனப்படி எப்பிடி இருக்கும்னா, காலைல நாலு கேப்சூல் ராத்திரி மூணு, வெறும் வயித்துல இல்ல, சாப்பாட்டோட. எண்ணிக்கை ஆளோட உயரம் எடை பாத்து மாறும். டிரிப்ஸ் ரெண்டு மணி நேரம், பாக்க பச்ச தண்ணி மாதிரிதான் இருக்கும். அதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து பொட்டாசியம் மெக்னீசியம் பாப்பாங்க, பொட்டாசியம் 4க்கு மேல இல்லைன்னா அத சரி பண்ணிட்டுதான் ஆர்செனிக்க தொடுவாங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ ஈசிஜி. ஏன்னு கேட்டதுக்கு டாக்டரம்மா ஈசிஜி பேப்பர்லயே ஸ்கேல் வெச்சு காட்டுனாங்க, இருதயம் ஒரு தடவ அடிச்சுட்டு அடுத்த அடிக்கு ரெடியாகற நேரம் இருக்குல்ல, ஆர்செனிக் அத நீட்டிடும், பொட்டாசியம் கொறஞ்சா இன்னும் நீளும், ரொம்ப நீண்டா தாளம் தப்பி உசுருக்கே ஆபத்து. நான் மோட்டார் வேலைக்காரன், கரண்டு விஷயம்னதும் டக்குனு புடிபட்டுச்சு. அந்த பொட்டாசியம் சிரப் இருக்கே, உப்பும் கசப்பும் சேந்து தொண்டைய சுடும், மொத்த வைத்தியத்துலயும் அவ அழுதது அதுக்குத்தான்.

இதுல வீட்டுல இருக்கறவங்க கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சாதாரணமா வாந்திக்கு போடற ஒண்டான்செட்ரான், சளிக்கு குடுக்கற அசித்ரோமைசின், வயித்துக்கு குடுக்கற டாம்பெரிடோன் இதெல்லாம் கூட அதே நேரத்த நீட்டற மருந்துங்க. வீட்டுக்கு வந்திருந்தப்ப அவளுக்கு சளி புடிச்சுது, பக்கத்து கிளினிக்ல அசித்ரோமைசின் எழுதிட்டாரு, நான் ஆர்செனிக் விஷயத்த சொன்னதும் மாத்தி குடுத்தாரு. சொல்லாம விட்டிருந்தா? யாரு என்ன மாத்திரை எழுதுனாலும் மொதல்ல ஆர்செனிக் ஓடுதுன்னு சொல்லுங்க.

மொத பத்து நாள் மருந்துக்கு சமமா ரத்தத்துக்குத்தான் ஓடுனேன். பிளேட்லெட் 30,000ல இருந்து 50,000க்கு மேல நிக்கணும், ஃபைப்ரினோஜன் 150 தாண்டணும்னு தெனமும் பிளேட்லெட், கிரையோன்னு ரத்தத்துல இருந்து பிரிச்சு உறைய வெச்ச ஒரு சரக்கு, மாத்தி மாத்தி. பிளேட்லெட் அஞ்சு நாளுக்கு மேல தாங்காது, அதனால தெனமும் ஆள் வேணும். பழனில இருந்து என் கூட கிரிக்கெட் ஆடற பசங்க ரெண்டு ரெண்டு பேரா மொத பஸ்ஸ புடிச்சு வந்தாங்க, மிஷின்ல ஒரு மணி நேரத்துக்கு மேல படுத்து குடுத்துட்டு சாப்பிட கூட நிக்காம வேலைக்கு திரும்பி போனாங்க. அவங்க பேர் எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்.

பத்தாம் நாள் நடந்தத மறக்கவே முடியாது. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி இருந்தே வெள்ளை அணு ஏறிட்டு வந்துச்சு, 1,900 இருந்தது 18,000. நான் நோய் திரும்பிடுச்சுன்னு நெனச்சு ஒடஞ்சு போயிட்டேன், ஆனா இது மருந்து வேல செய்யறப்ப நடக்கறதுதானாம், நின்னுபோன செல்லெல்லாம் ஒரே நேரத்துல வளந்து வெளிய வருது, அதுக்கு ஹைட்ராக்ஸியூரியான்னு கேப்சூல் குடுத்தாங்க. அன்னைக்கு காலைல டிரிப்ஸ் மாத்த வந்த சிஸ்டர் அவ கால பாத்தாங்க. மெட்டி வெரல்ல புதைஞ்ச மாதிரி இறுகி இருந்துச்சு, சுத்தி சதை வெளுத்து பிதுங்கி இருக்கு. "அக்கா, இது எப்ப இருந்து இறுக்கமா இருக்கு? இன்னைக்கு எடை பாத்தீங்களா?"ன்னு கேட்டுட்டே மிஷின இழுத்துட்டு வந்து நிறுத்துனாங்க, 62.5. மூணு நாள்ல நாலரை கிலோ ஏறிருக்கு, நாங்க சாப்பாடு எறங்குது ஒடம்பு தேறுதுன்னு நெனச்சிட்டு இருந்தோம். சோப்பு தண்ணி போட்டு மெட்டிய கழட்டி என் கைல குடுத்துட்டு ஓடுனாங்க. மத்தியானத்துக்குள்ள காச்சல், மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுச்சு, படுக்க முடியல, உக்காந்துட்டே இழுக்கறா. எக்ஸ்ரேல நெஞ்சுல ரெண்டு பக்கமும் தண்ணி.

டிஃபரென்சியேஷன் சிண்ட்ரோம்னு இதுக்கு பேரு. இந்த ரெண்டு மருந்தோட பெரிய ஆபத்து இதுதான். தடுக்கறதுக்குன்னு மொத நாள்ல இருந்தே ஸ்டீராய்டு மாத்திரை போயிட்டுதான் இருந்துச்சு, அதையும் மீறி வந்துச்சு. டெக்சாமெதசோன் 10 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு ஊசி, ஆட்ராவ மூணு நாள் நிறுத்துனாங்க, ஐசியூல ரெண்டு ராத்திரி. மூணாவது நாள் மூச்சு சீராயிடுச்சு, யூரின் நெறைய போயி எடை எறங்குச்சு, கேப்சூல மறுபடி ஆரம்பிச்சாங்க. மருந்து ஆரம்பிச்ச மொத வாரமும் மூணாவது வாரமும்தான் இதுக்கு ஜாஸ்தி சான்ஸ்னு சொன்னாங்க. அதனால தெனமும் ஒரே மிஷின்ல, ஒரே நேரத்துல எடை பாத்து எழுதுங்க. ஆஸ்பத்திரில மறந்தாலும் நீங்க கேட்டு வாங்கி எழுதுங்க. வளையல், மோதிரம், மெட்டி இறுகுதான்னு பாருங்க.

மத்த தொந்தரவெல்லாம் இதுக்கு முன்னாடி சின்னது, ஆனா எழுதிடறேன். ஆட்ராவால ஒதடு வெடிச்சு தோல் உரிஞ்சுது, தேங்காண்ணெயும் வாசலினும் போட்டுட்டே இருந்தா. தலைவலி வந்தா சாதாரணமா எடுத்துக்காதீங்க, மூளைக்குள்ள பிரஷர் ஏற வாய்ப்பிருக்குன்னு கண் டாக்டர கூப்ட்டு கண்ணுக்குள்ள லைட் அடிச்சு பாத்தாங்க, இவளுக்கு அது இல்ல. ஈரல் டெஸ்ட் நம்பர் ஏறுச்சு, ஒரு வாரம் டோஸ் கொறச்சதும் எறங்குச்சு. பின்னாடி மாசங்கள்ல காலு பாதம் மரத்த மாதிரி இருக்குதுங்கறா, அது ஆர்செனிக்கால, இப்ப கொறஞ்சிட்டு வருது. இந்த மருந்து ஓடறப்ப கர்ப்பம் ஆகவே கூடாது, ஆட்ரா கருவ பாதிக்கும், இத கூச்சப்படாம கேட்டு தெளிவு பண்ணிக்கங்க.

35ம் நாள் மஜ்ஜை டெஸ்ட், நோய் அடங்கிருச்சுன்னு வந்துச்சு. ஆனா அதே ரிப்போர்ட்ல பிஎம்எல்-ராரா இன்னும் லேசா பாசிட்டிவ்னு ஒரு வரி இருந்துச்சு, அத பாத்துட்டு நான் ரெண்டு நாள் தூங்கல. இந்த கட்டத்துல அப்பிடி வந்தா அர்த்தமே இல்ல, மூணாவது சைக்கிள் முடிஞ்சு எடுக்கறதுதான் கணக்குன்னு டாக்டரம்மா அப்புறம் சொன்னாங்க. இத ரிப்போர்ட்ட கைல குடுக்கறப்பவே சொல்லிருக்கலாம்.

அப்புறம் கன்சாலிடேஷன், அதாவது அடங்குன நோய் திரும்பாம இருக்க குடுக்கற அடுத்த கட்ட வைத்தியம். வாரத்துல அஞ்சு நாள் ஆர்செனிக், நாலு வாரம் போடு, நாலு வாரம் லீவு, இப்பிடி நாலு சைக்கிள், மொத்தம் 80 டிரிப்ஸ். ஆட்ரா ரெண்டு வாரம் சாப்பிடு ரெண்டு வாரம் நிறுத்து, ஏழு ரவுண்டு. மார்கழில ஆரம்பிச்சு ஆடில முடிஞ்சுது. இது அட்மிஷன் இல்லாம டே கேர்ல போற வைத்தியம், காலைல போனா மத்தியானம் வந்துடலாம், ஆனா பழனில இருந்து தெனமும் போக வர முடியாதுங்க. ஆஸ்பத்திரிக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு ரூம் எடுத்தோம், அவளும் அத்தையும் அங்க, நானும் பையனும் பழனில, சனிக்கெழமை நாங்க போவோம், லீவு நாலு வாரம் அவ இங்க வருவா. கை நரம்பு மொத மாசத்துலயே சுருண்டு போயிருந்துச்சு, ரத்தம் ஒறையறது சரியான அப்புறம் மேல் கைல பிக் லைன்னு பெரிய நரம்பு வரைக்கும் போற ஒரு மெல்லிசு ட்யூப் போட்டாங்க, அதுக்கப்புறம் குத்தறது இல்ல. மொதல்லயே போட்டிருக்கலாமேன்னு கேட்டேன், ரத்தம் கசியற நேரத்துல பெரிய நரம்புல கை வெக்க மாட்டாங்களாம்.

காசு பத்தி கேப்பீங்க. மருந்த விட பிளேட்லெட், கிரையோ, ஐசியூ, டெஸ்ட் இதுங்கதான் எங்க பில்ல தூக்கி விட்டுச்சு. இந்தியாலயே ரெண்டு மருந்தும் தயாராகுது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, ஆனா சேந்த மொத நாளே காப்பீட்டு கவுன்டர்ல போய் எது எது அதுல வரும்னு எழுதி வாங்கிக்கங்க. நான் நாலு நாள் கழிச்சு போனேன், அதுக்குள்ள கட்டுனது கட்டுனதுதான், திரும்ப வரல. கேப்சூல சாதாரண மெடிக்கல்ல வெச்சிருக்க மாட்டாங்க. ஒரு கடைல வெள்ளிக்கெழமை வரும்னு சொல்லி திங்கக்கெழமை வரைக்கும் இழுத்தடிச்சாங்க, மூணாவது ரவுண்டு மூணு நாள் லேட்டாச்சு. அன்னைல இருந்து கைல இருக்கற ரவுண்டு முடியறதுக்கு பத்து நாள் முன்னாடியே அடுத்தத வாங்கி வெயில் படாம அலமாரில வெச்சுடுவேன்.

மூணாவது சைக்கிள் முடிஞ்சு வைகாசில எடுத்த மஜ்ஜை டெஸ்ட்ல பிஎம்எல்-ராரா நெகட்டிவ். டாக்டரம்மா ரூம்ல அவ ரிப்போர்ட்ட வாங்கி மூணு தடவ படிச்சா, கணக்கு டீச்சருக்கு ஒரு தடவ போதாதாம், அப்புறம் மடிச்சு அத்தை கிட்ட குடுத்தா, அத்தை அத கண்ணுல ஒத்திக்கிட்டாங்க. இப்ப மூணு மாசத்துக்கு ஒரு தடவ அந்த ஜீன் டெஸ்ட் பாக்கணும். ஆவணில இருந்து ஸ்கூலுக்கு போறா, மத்தியானம் வரைக்கும்தான், நின்னுட்டே எடுத்தா பாதம் மரக்குதுன்னு நாற்காலி போட்டு உக்காந்து எடுக்கறா. அடுத்த டெஸ்ட் கார்த்திகை மொத வாரம், கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டாச்சு, பையனும் வர்றேங்கறான்.